ரொக்கெட் கேட்கும் பாடங்கள்

தண்ணீர் ரொக்கெட் ஒன்றை ஏவினால், போத்தலுக்குள் இருக்கும் தண்ணீர் முழுவதும் வெளியேற ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு அளவுதான் பிடிக்கும். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் "எங்க போட்டுது?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கண்ணிமைப் பொழுதுக்காகப் பிள்ளைகள் வாரக்கணக்கில் வெட்டுகிறார்கள், ஒட்டுகிறார்கள், நிறுக்கிறார்கள், அளக்கிறார்கள், தங்களுக்குள் அடிபடுகிறார்கள். பாடம் நடப்பது அங்கேதான். ஏவுவது அந்தப் பாடத்துக்கு வைக்கும் சோதனை.

கொக்குவிலில் ஒரு சனசமூக நிலையத்தின் பின்விறாந்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் இந்த வகுப்பை நடத்தி வருகிறேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் தரம் எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்டவர்கள். ரியூசன் இல்லாத நேரம் பார்த்து வருகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு நேரம் கிடைப்பதே பெரிய விஷயம்.

வெளியுலகம் 'மாதிரி ரொக்கெட்' என்று சொல்வது வேறு சாமான். கடதாசிக் குழாய், பல்சா மரத்தில் செட்டை, தொழிற்சாலையில் மருந்து அடைத்து வரும் சிறு குழல். 1954இல் அதை முதலில் செய்தவர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல். மாதிரி விமானங்களில் பித்துக் கொண்டிருந்த சகோதரர் ரொபர்ட் தன் விரிவுரைகளில் காட்டுவதற்காகக் கேட்டார், இவர் செய்து கொடுத்தார். 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி ஸ்புட்னிக் பறந்த பிறகு அந்த நாட்டுப் பையன்கள் வீட்டுக் கோடிகளில் தாங்களே மருந்து கலக்கப் புறப்பட்டார்கள். விரல்கள் போயின, உயிர்களும் போயின. கார்லைலின் குழலும் ஹரி ஸ்டைன் என்பவர் வகுத்த பாதுகாப்பு விதிகளும் வந்த பிறகுதான் ரொக்கெட் பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்தது.

அந்தக் குழல் எங்கள் பக்கத்துக் கடைகளில் இல்லை. வெடிமருந்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியார், ரொக்கெட் செய்ய மருந்து வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விடுகிறேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. இந்த ஊரில் நாற்பது வயது தாண்டிய எவருடைய காதும் போர்க்காலத்தில் கூவிக்கொண்டு வந்து விழுந்த குண்டுகளின் சத்தத்தை மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது தெரியாது. பெற்றோருக்கும் அம்மம்மா அப்பப்பாமாருக்கும் தெரியும். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மம்மா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உது வெடிக்குமோ?"

"இல்லையம்மா, வெறும் தண்ணியும் காத்தும்தான்."

போத்தலைத் தரச்சொல்லி வாங்கினார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். திருப்பித் தந்துவிட்டு, "அப்ப சரி, பிள்ளையளைத் தள்ளி நிக்கச் சொல்லு" என்றார். எங்கள் பாதுகாப்பு விதிகளில் முதலாவது விதி இன்றும் அதுதான்.

தண்ணீர் ரொக்கெட் ஏழைகளின் மாற்றுவழி என்று நினைத்துவிட வேண்டாம். ஆசிய பசிபிக் நாடுகளின் விண்வெளி அமைப்புகள் கூடும் மன்றம் 2005 முதல் மாணவருக்குத் தண்ணீர் ரொக்கெட் போட்டி நடத்துகிறது. எங்கள் நாட்டில் மொரட்டுவையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனம் தேசியப் போட்டி வைத்து மாணவரைத் தெரிவு செய்கிறது. குறித்த இடத்துக்கு எவ்வளவு கிட்ட விழுத்துகிறாய் என்பதே அங்கே கேள்வி. உயரம் காட்டி மிரட்டுவதைவிட இது கடினம், படிப்புக்கும் நல்லது.

சாமான்கள் எல்லாம் ஊரில் கிடைப்பவை. சோடாப் போத்தல், அரை அங்குல எஸ்லோன் பைப், கேபிள் ரை, பழைய சைக்கிள் ரியூபிலிருந்து வெட்டி எடுத்த வால்வு, அமுக்கமானி பூட்டிய கால்பம். செட்டைக்கு ரெஜிபோம் அல்லது ஆஸ்பத்திரித் துண்டோடு அலுமாரிக்குள் கிடக்கும் பழைய எக்ஸ்ரே படம். மூக்குக்குப் பாதி ரெனிஸ் பந்து. கூர் மூக்கு கூடாது என்பது இரண்டாவது விதி.

முதல் நாள் வேலை வெட்டுவது. குடிதண்ணீர்ப் போத்தல் ஒன்று, சோடாப் போத்தல் ஒன்று. கத்தரிக்கோலால் வெட்டச் சொல்வேன். ஒன்று கடதாசி போல நழுவும், மற்றது கையை நோகப்பண்ணும். சோடாப் போத்தலின் அடியில் ஐந்து குமிழ் இருப்பதைத் தடவிப் பார்ப்பார்கள். "ஏன் சேர் அஞ்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டவுடன் வகுப்புத் தொடங்கிவிடும். சோடாவுக்குள் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியே வரப் பார்க்கிறது, தட்டையான அடி என்றால் வெளியே புடைத்துவிடும், போத்தல் மேசையில் நிற்காது. குமிழ் வைத்தால் அமுக்கத்தையும் தாங்கும், நேராகவும் நிற்கும். பிறகு போத்தலைத் தண்ணீரால் விளிம்புமட்டும் நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் செய்து, பம் அடித்துச் சோதிப்போம். தண்ணீர் அமுங்காது, ஆகவே போத்தல் கிழிந்தாலும் கொஞ்சம் நனைவதோடு சரி. அதே அமுக்கத்தில் காற்று நிரப்பிய போத்தல் கிழிந்தால் கதை வேறு. வாயுவுக்கும் திரவத்துக்கும் உள்ள வித்தியாசம் பற்றிப் பாடநூல் அரைப் பக்கம் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் அதை இந்த விறாந்தையில் தங்கள் உடம்புப் பயத்தோடு சேர்த்துப் படிக்கிறார்கள்.

அமுக்கமானியில் ஊசி அறுபதைத் தாண்டக் கூடாது. அறுபது என்றால் என்ன? ஒரு சதுர அங்குலத்துக்கு அறுபது இறாத்தல். சைக்கிள் கடைக்காரருக்கு அது தெரியும், பரீட்சைத் தாளுக்குத் தெரியாது. தாளுக்குப் பஸ்கால் வேண்டும். ஏறத்தாழ 4,14,000 பஸ்கால் என்று ஒருவன் கரும்பலகையில் எழுதியதும் மற்றவர்கள் கொஞ்சம் பின்வாங்கி நின்றார்கள். அலகு மாற்றம் இப்படி ஒரு மரியாதை பெற்றதை வகுப்பறையில் நான் கண்டதில்லை.

நான் சாதாரண தரம் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்கம், பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, தைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. மின்காந்தத் தூண்டல் என்ற சொல்லைக் கேட்டிராத அப்புமார்கூட, எந்தத் தைனமோ எவ்வளவு வேகமாய்ச் சுற்றினால் எத்தனை வோல்ற் வரும் என்று திட்டமாய்ச் சொல்வார்கள். அந்தக் காலத்தைப் போற்றிப் பாட எனக்கு விருப்பமில்லை. அது மீண்டும் வரக் கூடாது. ஆனால் ஒன்று கண்டுகொண்டேன். தேவை முன்னால் வந்து நின்றபோது சூத்திரம் பின்னால் ஓடி வந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் சூத்திரத்தை முன்னால் விட்டுத் தேவையைப் பின்னால் தேடுகிறோம், பெரும்பாலும் தேடுவதும் இல்லை. ரொக்கெட் வகுப்பின் முழு உபாயமும் இந்த வரிசையைத் திருப்பிவிடுவதுதான்.

எடுத்துக்காட்டுக்கு உறுதிநிலை. முதல் ரொக்கெட்டைச் செய்யும் பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் பாரத்தை அடியில் வைப்பார்கள். "அடி பாரமெண்டால்தானே சேர் நேரா நிக்கும்?" நிற்கிற சாமானுக்கு அது சரி, பறக்கிற சாமானுக்குப் பிழை. ஏவினால் போத்தல் இரண்டு குட்டிக்கரணம் போட்டுப் பக்கத்து மதிலில் மோதும். இதில் அவர்களுக்குப் பெரிய துணை உண்டு. ரொபர்ட் கொடார்ட் 1926 மார்ச் 16ஆம் திகதி மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஓபர்ன் என்னும் ஊரில் திரவ எரிபொருளில் உலகின் முதல் ரொக்கெட்டைப் பறக்கவிட்டபோது, எஞ்சினை மேலே வைத்துத் தாங்கியைக் கீழே தொங்கவிட்டிருந்தார். மேலிருந்து இழுத்தால் நேராகப் போகும் என்று அந்தப் பௌதிகப் பேராசிரியரும் நம்பியிருந்தார். இரண்டரைச் செக்கன் பறந்து, 41 அடி உயர்ந்து, கோவாத் தோட்டம் ஒன்றில் விழுந்தது. 41 அடி என்றால் பன்னிரண்டரை மீற்றர். எங்கள் சோடாப் போத்தல் அதைச் சுலபமாகத் தாண்டும் என்று அறிந்ததும் பிள்ளைகளுக்கு வருகிற தலைக்கனத்தை நான் அடக்க முயல்வதில்லை.

திருத்தும் வழி நூல்துண்டு ஒன்றில் இருக்கிறது. ரொக்கெட்டை விரலில் வைத்து எந்த இடத்தில் சமநிலையாகிறது என்று பார். அந்த இடத்தில் நூலைக் கட்டு. தலைக்கு மேல் சுழற்று. மூக்கு முன்னே போனால் விடலாம். வால் முன்னே வந்தால் மூக்கில் களிமண் சேர். தண்ணீர் இல்லாமல்தான் சோதிக்க வேண்டும், ஏனெனில் அது பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி வெறும் போத்தலாகவே பறக்கிறது. தரம் ஒன்பதில் படிக்கும் பிள்ளை ஒருத்தி, தகப்பனோடு சேர்ந்து பட்டம் கட்டிப் பழகியவள், நூலை வாங்கியதும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நுனிவிரலில் போத்தலை உருட்டினாள், ஒரு இடத்தில் நகத்தால் கீறினாள், கட்டினாள். "முச்சை கட்டிற மாதிரித்தான் சேர்." ஈர்ப்பு மையமும் அமுக்க மையமும் அவளுடைய விரலில் முன்பே இருந்தன. நான் கொடுத்தது இரண்டு பெயர்கள் மட்டும்.

பட்டம் கட்டியவர்களையே ரொக்கெட் ஏமாற்றுகிற இடமும் உண்டு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வாடைக்காற்றில் பட்டம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, காற்று போகிற பக்கம்தான் எதுவும் போகும் என்பது நிச்சயம். நாங்கள் ஏவுவது வெயில்காலத்தில், ஆனைக்கோட்டை தாண்டிக் கல்லுண்டாய் வெளியில், சோளகம் அடிக்கும்போது. எல்லோரும் வடகிழக்குப் பக்கம் தள்ளி நின்று பிடிக்கக் காத்திருப்பார்கள். ரொக்கெட் மூக்கைத் தென்மேற்கே திருப்பிக் காற்றுக்கு எதிராகப் போய் விழும். வால்பக்கத்துச் செட்டைகளைக் காற்று தள்ளுகிறது, ஆகவே மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்புகிறது. செட்டை பெரிதானால் திருப்பமும் பெரிது. இதைக் கண்ட பிறகுதான் சோளகம் ஏன் தென்மேற்கிலிருந்து வருகிறது, வாடை ஏன் வடகிழக்கிலிருந்து வருகிறது என்று கேட்டார்கள். புவியியல் ஆசிரியை ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்து பருவக்காற்றை நிலத்தில் குச்சியால் கீறிக் காட்டினார். கேள்வி முன்பே இருந்ததால் அவருக்கு அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

"நிலத்தைத் தள்ளித்தானே சேர் மேல போகுது?" இந்தக் கேள்வி எந்த ஆண்டுக் கூட்டத்திலும் தவறாது. தாக்கமும் மறுதாக்கமும் சமனும் எதிரும் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளையே இதையும் கேட்கும். நான் சிரிக்க மாட்டேன். 1920 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை ஆசிரியத் தலையங்கத்தில் கொடார்ட்டை இதே காரணம் சொல்லி நையாண்டி செய்தது: வெற்றிடத்தில் தள்ள எதுவுமில்லையே, ரொக்கெட் எப்படிப் போகும் என்று. அப்பலோ 11 சந்திரனுக்குப் புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17இல்தான் அந்தப் பத்திரிகை திருத்தம் போட்டது. ஆகவே எங்கள் பிள்ளைக்கு நாற்பத்தொன்பது வருடம் அவகாசம் உண்டு. அதற்கிடையில் வெறும் காற்று மட்டும் நிரப்பி ஒருதரம் விடச் சொல்வேன், தண்ணீர் விட்டு ஒருதரம். அதே அமுக்கம். வெறும் காற்று கொஞ்சம் எழும்பி விழும், தண்ணீரோடு மிக உயரப் போகும். நிலம் இரண்டுக்கும் ஒன்றுதானே? வெளியே எறிகிற பொருளின் திணிவு கூடினால் உந்தம் கூடுகிறது என்பதை யாராவது ஒருவர் தங்கள் சொந்தச் சொல்லில் சொல்லும்வரை நான் வாய் திறப்பதில்லை.

அப்படியானால் நிறையத் தண்ணீர் விடலாமே? விடுவார்கள். முழங்கால் உயரத்துக்கு எழும்பி, பாரத்தில் விழும். அங்கிருந்து வரைபு வருகிறது. தண்ணீரின் அளவு கிடை அச்சில், உயரம் நிலை அச்சில். புள்ளிகள் ஏறி, போத்தலில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்ட உச்சி தொட்டு, இறங்கும். ரொக்கெட் வேகத்துக்கும் அது எறிந்து கழிக்கும் திணிவுக்கும் உள்ள சமன்பாட்டை 1903இல் அச்சிட்டவர் ரஷ்யாவின் கலூகாவில் கணிதம் படிப்பித்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கொன்ஸ்ரன்ரின் சியோல்கோவ்ஸ்கி. சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவர். அவர் கதையைச் சொல்வது பிள்ளைகளுக்காக என்று காட்டிக்கொண்டாலும், உண்மையில் அது எனக்காக.

உயரத்தை அளப்பது தனி உலகம். பாகைமானியில் நூலும் நட்டும் கட்டி, மேலே பேனைக் குழாய் ஒட்டினால் சாய்வுமானி. முப்பது மீற்றர் தள்ளி நின்று கோணம் பார்க்க வேண்டும். தான்சன் 45 பாகைக்கு ஒன்று. ஆகவே அந்தக் கோணத்தில் உயரம் முப்பது மீற்றர், அதோடு கண்ணின் உயரம். எண்பது மீற்றர் அளவில் போகிற ரொக்கெட்டுக்கு அதே இடத்தில் நின்றால் கோணம் 70 பாகை. அங்கே கை ஒரு பாகை நடுங்கினால் உயரத்தில் நாலரை மீற்றர் பிழை வரும். எண்பது மீற்றர் தள்ளிப் போய் நின்றால் அந்த நடுக்கத்துக்கு மூன்று மீற்றருக்கும் குறைவான பிழை. பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் திருத்தம் என்று நம்பியிருந்த பிள்ளைகளுக்கு இது பேரதிர்ச்சி. மற்றக் குழு நிறுத்தக் கடிகாரத்தால் மொத்தப் பறப்பு நேரத்தை எடுத்து, இறங்க எடுக்கும் நேரம் அதில் பாதி என்று கொண்டு கணக்குப் பார்க்கும். இரண்டு விடையும் ஒருநாளும் பொருந்தாது. "எது சேர் பொய் சொல்லுது?" இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் சொல்கின்றன: ஒன்றில் கை நடுக்கம், மற்றதில் நாங்கள் கணக்கில் எடுக்காத வளித் தடை. புத்தகத்தின் பின்பக்கத்தில் சரியான விடை அச்சிட்டிராத கணக்கை இவர்கள் முதன்முதலாகச் சந்திப்பது இங்கேதான்.

எனக்கு மிகப் பிடித்த பாடம் தமிழ். ஒரு குழு தாங்கள் செய்த ரொக்கெட்டின் செய்முறையை எழுத வேண்டும், மற்றக் குழு அதை மட்டும் வாசித்துச் செய்ய வேண்டும், வாய் திறந்து கேட்கக் கூடாது. "போத்தலில் தேவையான அளவு தண்ணீர் விடவும்." எவ்வளவு தேவை? "செட்டைகளைச் சம தூரத்தில் ஒட்டவும்." மேலிருந்து எவ்வளவு, ஒன்றுக்கொன்று எவ்வளவு? எழுதியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பார்கள், தங்கள் வசனம் கண்முன்னே கோணலாக ஒட்டப்படுவதை. இரண்டாம் முறை எழுதும்போது 'அழகான', 'சிறந்த', 'தேவையான' எல்லாம் தாமாக உதிர்ந்துவிடும். கட்டுரைக்கு எழுபது புள்ளி வாங்கும் பிள்ளையைவிட, முப்பது வாங்குகிறவன் எழுதிய செய்முறையில் ரொக்கெட் நேராகப் போனதைக் கண்டிருக்கிறேன். தமிழ் ஆசிரியர்கள் கோபிக்கக் கூடாது.

வரலாறு தானாக வரும். 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர்ப் போரில் மைசூர்ப் படையின் இரும்புக்குழல் வாணங்கள் கிழக்கிந்தியக் கம்பனிப் படையைக் குலைத்தன; 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அவற்றில் சில இங்கிலாந்துக்குப் போய், அங்கே கொங்கிறீவ் என்பவர் செய்த ரொக்கெட்டுகளுக்கு வழிகாட்டின. கடலுக்கு அந்தப் பக்கம் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், அமெரிக்காவின் வொலப்ஸ் தீவில் மைசூர்ப் படை ஆங்கிலேயரோடு பொருதும் ஓவியம் ஒன்றைச் சுவரில் கண்டதாக எழுதியிருக்கிறார். 1963 நவம்பர் 21இல் இந்தியாவின் தும்பாவில் முதல் ரொக்கெட் ஏவிய குழுவில் இருந்த அவர், 2012 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து மாணவரோடு பேசினார். இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பையன் கேட்டான்: "எங்கட ஊரில விழுந்ததும் ரொக்கெட்டோ சேர்?" வகுப்பில் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சிலது என்று சொன்னேன். வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். வந்த கொப்பிகளை நான் திருத்தவில்லை.

பூகோளத்துக்கு இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் போதும். துருவத்துக்கு மேலாகச் சுற்றும் செய்மதியை அங்கிருந்து நேரே தெற்கே ஏவ முடியாது, வழியில் இலங்கை கிடக்கிறது. ரொக்கெட் வளைந்து போக வேண்டும், அதற்கு எரிபொருள் செலவாகும், சின்ன ரொக்கெட்டுக்கு அது தாங்காது. அதனால்தான் தூத்துக்குடிப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நட்டார்கள். தங்கள் தீவு இந்தியாவின் ரொக்கெட்டுகளை வளைக்கிறது என்று கேட்டதும் ஒருவரும் சொல்லாமலே தேசப்படத்தை எடுத்து விரித்தார்கள்.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டும். ஒரு பயிற்சிப் பட்டறையில் அட்டவணை ஒன்று தந்தார்கள்: இடப்பக்கம் ரொக்கெட், வலப்பக்கம் பாடவிதானத்தின் எல்லாப் பாடங்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். சங்கீதத்துக்கு ரொக்கெட் பாட்டு, சித்திரத்துக்கு ரொக்கெட் படம். இது பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை. ரொக்கெட் எந்தப் பாடத்தைக் கேட்கிறதோ அதைக் கொடுத்தால் போதும், கேட்காததைத் திணித்தால் அதுவும் இன்னொரு ரியூசன்.

இன்றைக்கு இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் வரைபு உண்டு, தான்சன் உண்டு, காற்றின் திசை உண்டு, திருத்தி எழுதிய தமிழ் உண்டு. பாடசாலையில் நான்கு ஆசிரியர்கள் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்காக நான்கு ஒப்படைகளைத் தனித்தனியே கேட்கிறார்கள், பிள்ளைகள் அவற்றைக் கடையில் பிரதி எடுத்து ஒட்டிக் கொடுக்கிறார்கள். கல்வி வலயத்தில் இருப்பவர்களிடமும் சக ஆசிரியர்களிடமும் என் வேண்டுகோள் சிறியது: ஒரே கொப்பியை நான்கு பாடத்துக்கும் கணிப்பீடாக ஏற்றுக்கொள்ளுங்கள். புதிதாகப் பணம் வேண்டாம், பாடநூலை மாற்ற வேண்டாம். நான்கு ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் ஒன்றாக வந்து உட்கார்ந்தால் போதும்.